மூன்றாவது டாப்-அப் வேண்டாம்

கேள்வி: எனக்கு 34 வயது. கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். என் அலுவலகத்தில் ஆறு மாத பிரசவ விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. கணவரின் அண்ணன் தொழிலுக்காக எங்கள் தனிநபர் கடனில் இரண்டு முறை டாப்-அப் (இருக்கும் கடனின் மேலேயே கூடுதல் கடன்) எடுத்துக் கொடுத்தோம். மாதாமாதமும் கொடுக்கிறோம். இப்போது மூன்றாவது டாப்-அப் கேட்கிறார். கடன் முடியும்வரை குழந்தையைத் தள்ளிப்போடலாமா? குழந்தை பெயரில் காப்பீட்டோடு சேர்ந்த முதலீடு, தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு (பிரசவத்தின்போது அந்த ரத்தத்தை எடுத்துப் பிற்காலச் சிகிச்சைக்காகப் பாதுகாப்பது) இரண்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: கடன் முடியட்டும் என்று காத்திருந்தால் அது முடியாது. குறையும்போதெல்லாம் நீங்களே டாப்-அப் எடுத்து ஏற்றிவிடுகிறீர்களே! வயதும் காத்திருக்காது. 35க்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். 35ஐத் தாண்டினால் ஆறு மாதத்திலேயே பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அந்தச் செலவைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை.

நீங்கள் அனுப்பிய தொகைகளை விகிதமாக்கிப் பார்த்தேன். இருவர் சம்பளமும் சேர்த்து 100 என்றால் உங்களுடையது 40. வீட்டுச் செலவு 50, தவணை 30, அண்ணனுக்கு 15. மிச்சம் 5, வருடத்துக்கு 60. விடுப்பில் வரவு 60தான். வீட்டுக்கு 50, தவணை 30, குழந்தைக்குக் குறைந்தது 10. மாதம் 30 துண்டு விழும், ஆறு மாதத்தில் 180. அண்ணனுக்கும் தொடர்ந்து கொடுத்தால் 270. கையில் இருப்பதோ 60!

அந்த 15ஐ இந்த மாதமே நிறுத்தினால் வருடத்தில் 240 சேரும். 180 போக மருத்துவமனைக்கு 60 நிற்கும். இன்றே கரு தங்கினாலும் பிரசவத்துக்கு ஒன்பது மாதம் இருக்கிறது, முதல் மாதமே தங்குவதும் அபூர்வம். அதனால் ஒரு வருடம் என்பது நியாயமான கணக்குதான். மூன்றாவது டாப்-அப் எடுத்தால் தவணை 30ல் நிற்காது, இந்தக் கணக்கு மொத்தமும் போச்சு. அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. "யோசிக்கிறேன்" என்று இழுக்காமல், இல்லை என்றே சொல்லட்டும்.

குழந்தை பிறக்கும் முன்பே அதன் பெயரில் முதலீடு எதற்கு? விற்பவருக்குத்தான் அவசரம். ஆயுள் காப்பீடு வேண்டியது சம்பாதிக்கும் உங்கள் இருவருக்கும். அதற்குச் சாதாரண டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) போதும். சேமித்த தொப்புள்கொடி ரத்தம் அதே குழந்தைக்குப் பயன்படும் வாய்ப்பு மிகக் குறைவு. மரபணு நோய் என்றால் அந்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். இரண்டுமே வேண்டாம்.

ஃபோலிக் அமில மாத்திரை, ரூபெல்லா தடுப்பூசி பற்றி மருத்துவர் சொல்லியிருப்பார். ஊசி போட்டால் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும், அதனால் அதை முதலில் முடியுங்கள்.

அப்புறம், உங்கள் மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தில் மகப்பேறுக்கான காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்து எவ்வளவு காலம் கழித்துப் பிரசவச் செலவு கிடைக்கும் என்று பாருங்கள். சில பாலிசிகளில் ஒன்பது மாதம், சிலவற்றில் வருடக்கணக்கு. புதிதாக எடுப்பதானால் கருத்தரித்த பிறகு எடுத்து இந்தப் பிரசவத்துக்குப் பலன் இருக்காது.