ஒரே வயல், இரண்டு மண் பரிசோதனை முடிவு: எதை நம்பி உரம் போடுவது?

கேள்வி: ஐயா, எனக்கு 3 ஏக்கர் நெல் வயல். போன வருடம் மண் பரிசோதனையில் பொட்டாஷ் ‘அதிகம்’ என்று வந்தது, இந்த வருடம் ‘குறைவு’ என்கிறார்கள். போன தடவை களத்துமேட்டை ஒட்டி, வைக்கோல் போர் இருந்த மூலையில் மண் எடுத்தேன். இந்தத் தடவை நடு வயலில். இரண்டு முறையும் ஒரே ஒரு குழிதான். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள் ஐயா. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மண் எடுத்த விதத்தில்தான் கோளாறு. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாஷில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்கும், மழை பட்டால் அது கரைந்து அடியில் இருக்கிற மண்ணுக்குப் போய்விடும். போன வருடம் நீங்கள் சோதித்துப் பார்த்தது போரடி மண்ணை.

நடு வயல் பரவாயில்லை, ஆனாலும் ஒரு குழி போதாது. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டுமே எட்டு லட்சம் கிலோவுக்கு மேல் எடை வரும், ஆய்வகத்தில் பொட்டாஷ் பார்க்க எடுப்பதோ வெறும் 5 கிராம். அந்த 5 கிராமில் வயலின் எல்லாப் பக்கத்து மண்ணும் இருந்தாக வேண்டும்.

அறுவடை முடிந்து, உரம் போட்டு 3 மாதமாவது ஆனபிறகு எடுங்கள். மாடு நடந்துகொண்டே மூத்திரம் பெய்த தடம் மாதிரி வளைந்து வளைந்து வயல் முழுக்க நடந்து, 15 இடத்திலாவது எடுக்க வேண்டும். நம் கால் தானாகவே பயிர் நன்றாக விளைந்த இடத்துக்குத்தான் போகும், அதனால் இத்தனை அடிக்கு ஒரு குழி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, கால் நின்ற இடத்தில் வெட்டுங்கள். வரப்போரம், வாய்க்கால், மர நிழல், எருக்குழி, போரடி இதெல்லாம் வேண்டாம். உப்புப் பூத்த பள்ளம் ஏதும் இருந்தால் அதை இதோடு கலக்காமல் தனி மாதிரியாக எடுங்கள்.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி அந்த மண்ணை வெளியே தள்ளுங்கள். பிறகு குழியின் இரண்டு பக்கச் சுவரையும் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவினால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய மண். பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய உரச்சாக்கு கூடவே கூடாது.

எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கொட்டி, மண் கட்டிகளை உடைத்து, வேர், கல் பொறுக்கிக் கலந்து வட்டமாகப் பரப்புங்கள். விரலால் குறுக்கே கூட்டல் குறி போட்டால் நாலு பங்கு. எதிரெதிரே இருக்கிற இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கலந்து திரும்பப் பரப்புங்கள். அரை கிலோ வரும்வரை இப்படியே. ஒரு கை அள்ளிப் பையில் போட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அப்படி அள்ளினால் கட்டி கையோடு வரும், பொடி கீழேயே தங்கிவிடும், அப்புறம் இத்தனை குழி வெட்டியதே வீண். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள்.

இந்தப் போகத்துக்கு நாள் இல்லை என்றால், போன வருட முடிவைப் பார்த்துப் பொட்டாஷைக் குறைத்துவிடாமல், உங்கள் ரகத்துக்கும் பருவத்துக்கும் உள்ள பொதுச் சிபாரிசு அளவையே போடுங்கள்.