நடந்த கலோரியை இரண்டு முறை எண்ணாதீர்கள்

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வயது 38. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடக்கிறேன், 45 நிமிடம் ஆகிறது. மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்த வேலை. போனில் உள்ள ஆப் 1,200 கலோரிதான் சாப்பிடச் சொல்கிறது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் நடையில் 320 கலோரி செலவானதாகக் காட்டுகிறது. அந்த 320-ஐக் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொள்ளலாமா?"

வேண்டாம். ஆனால் 1,200-ம் உங்களுக்குச் சரியான எண் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உடல் சும்மா கிடந்தாலே எவ்வளவு செலவழிக்கும் என்று சொல்ல, 1990-ல் வந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் பெரும்பாலானவர்களுக்குப் போதும். எடையை 10-ஆல் பெருக்கினால் 740. உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 987. கூட்டியதில் வயதின் ஐந்து மடங்கு 190-ஐக் கழியுங்கள். பெண்கள் இன்னொரு 161-ஐயும் கழிக்க வேண்டும் (ஆண்கள் அதற்குப் பதிலாக 5 கூட்டுவார்கள்). உங்களுக்கு ஏறக்குறைய 1,380 வருகிறது. லேசான உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு இதை 1.375-ஆல் பெருக்குவோம்: சுமார் 1,900. எடை இதே அளவில் நிற்க ஒரு நாளைக்கு இவ்வளவு தேவை. இதில் 400 முதல் 500 வரை குறைத்தால் போதும். 1,400 - 1,500 உங்கள் இலக்கு. வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்.

இப்போது அந்த 320-க்கு வருவோம். 1.375 என்று பெருக்கியபோதே காலை நடை உள்ளே வந்துவிட்டது. மறுபடி கூட்டினால் ஒரே நடைக்கு இரண்டு வரவு. போதாததற்கு, வாட்ச் காட்டும் எண்ணே அதிகம். குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். மூன்று சுற்று என்றால் மூன்றரைக் கிலோமீட்டர் போல. 74 கிலோ உடம்புக்கு அதில் 200 கலோரி போகலாம். அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால் 150-கூடத் தேறாது. எண்ணெயில் பொரித்த ஒரே ஒரு பரோட்டா அதைத் தாண்டிவிடும், சால்னாவைச் சேர்க்காமலேயே.

சாப்பாட்டில் இட்லியை எண்ணுவது சுலபம், ஒன்று 50 - 60 கலோரி. ஏமாற்றுவது எண்ணெய்தான். தட்டில் தேடாமல் மளிகைச் சிட்டையில் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் ஆகிறது என்றால், ஆளுக்குத் தினமும் 270 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. அதைப் பாதியாக்கினால் உங்கள் 400-ல் மூன்றில் ஒரு பங்கு, சோற்றைத் தொடாமலே முடிந்தது. அப்புறம் பருப்பு, முட்டை, மீன், தயிரைக் குறைக்காதீர்கள். கொழுப்போடு தசையும் கரையாமல் இருக்க அவை வேண்டும்.

சூத்திரம் தருவது தொடக்க எண் மட்டுமே, ஆளுக்கு ஆள் மாறும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதி வையுங்கள். மாதவிலக்கை ஒட்டி நீர் கோத்து ஏறும் எடைக்குப் பயப்பட வேண்டாம். ஒரு மாதம் ஆகியும் சராசரி இறங்கவில்லையா? 100 கலோரி குறையுங்கள், இல்லையென்றால் இன்னொரு சுற்று நடங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் மட்டும், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.