முரசுமோட்டைத் தம்பிக்கு: பாரியில் ஸ்னோ, ஸ்காபரோவில் வெயில் ஏன்?

தம்பி, முரசுமோட்டையிலிருந்து படிப்பதற்காகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள பாரி நகருக்கு வந்து மூன்று மாதம் ஆவதாகவும், கடந்த வாரம் உங்கள் வாசலில் கணுக்கால் புதைய ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நூறு கிலோமீற்றர் தள்ளி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா வெயிலில் நின்று எடுத்த படத்தை அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரே மாகாணத்தில் இது எப்படி நடக்கிறது, எதைப் பார்த்து முன்கூட்டியே அறிவது, எல்லோரும் அலுத்துக்கொள்ளும் இந்த ஸ்னோவை ரசிக்கவும் முடியுமா என்று கேட்கிறீர்கள். நான் வட்டக்கச்சியைச் சேர்ந்தவன், உங்கள் அயலூரவன். இந்தப் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட வின்ரர்களைக் கண்டுவிட்டேன். நான் சொல்லக்கூடியது, எங்கள் இரணைமடுக் குளத்தைப் பார்ப்பதுபோல இதையும் பாருங்கள் என்பதுதான்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் பேச்சு முழுவதும் குளத்தைப் பற்றியதாகிவிடும். எத்தனை அடி ஏறியிருக்கிறது, நிரம்பி வான் பாயுமா, மாரியில் விதைக்கும் காலபோக வயல் என்னாகும் என்று கணக்குப் போட்ட பெரியவர்கள் எவரும் கிளிநொச்சியின் வானத்தை மட்டும் பார்த்ததில்லை. வவுனியாப் பக்கம் மழை எப்படி, கனகராயன் ஆற்றில் எவ்வளவு வருகிறது என்று தண்ணீர் வரும் மேற்பக்கத்தையே விசாரித்தார்கள். இங்கும் உங்கள் தலைக்கு மேலுள்ள வானம் அதிகம் சொல்லாது. வடமேற்கே கிடக்கும் தண்ணீரைப் பாருங்கள்.

ஹூரன் ஏரியும் அதன் கிழக்குக் கையான ஜோர்ஜியன் விரிகுடாவும் கோடை முழுவதும் வாங்கிய சூடு ஆறாமல் நவம்பரிலும் கிடக்கும். வடக்கிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று அந்த நீரைக் கடக்கும்போது, கீழிருந்து சூட்டையும் ஈரத்தையும் வாங்கி மேலெழுந்து முகிலாகி, அக்கரையில் தரை உயரத் தொடங்கும் இடங்களில் ஸ்னோவாகக் கொட்டிவிடுகிறது. ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்திலுள்ள காற்று ஏரி நீரைவிட 13 பாகை செல்சியஸாவது குளிர்ந்திருந்தால் இது நடக்கும் என்பது வானிலையாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. வாடைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு முல்லைத்தீவுக் கரையேறுவதைக் கண்டு வளர்ந்த உங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இராது. வேறுபாடு அகலத்தில்தான் இருக்கிறது. எங்கள் மாரி மழை மாவட்டம் மாவட்டமாக நனைக்கும்; ஏரி தரும் ஸ்னோவோ சில கிலோமீற்றர் அகலமும் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட ஒரு நாடாவைப் போல விழுந்து, அந்த நாடாவுக்கு வெளியே இருப்பவருக்கு வெயிலை விட்டுவிடும். நீங்கள் நாடாவுக்குள்ளே இருந்தீர்கள், சித்தப்பா வெளியே இருந்தார்.

இது வின்ரரின் முற்பகுதியில்தான் மிகுதியாக நடக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தை, மாசியில் ஏரி குளிர்ந்து, கரையோரமாக உறையத் தொடங்கியதும் காற்றுக்குக் கிடைக்கும் ஈரம் குறைந்துவிடுகிறது. 2024 நவம்பர் கடைசியில், உங்களுக்கு வடக்கே உள்ள கிரேவன்ஹேர்ஸ்ற் நகரில் மூன்று நான்கு நாட்களுக்குள் 140 சென்டிமீற்றர் அளவில் விழுந்து, 11ஆம் இலக்க நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள்; அப்போது ரொறன்ரோவில் தெருவோரப் புல் தெரிந்தது. ஈரி ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவின் பஃபலோவில், 2014 நவம்பரில் நகரின் தெற்குப் பக்கம் ஐந்து அடிக்கு மேல் விழுந்தபோது வடக்குப் பக்கத்தில் சில அங்குலம் மட்டுமே விழுந்தது.

ஆகவே முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். வடமேற்குக் காற்றென்றால் கொலிங்வூட்டும் உங்கள் பாரியும் வாங்கிக்கொள்ளும். அது மேற்காகத் திரும்பினால் நாடா வடக்கே நகர்ந்து மிட்லண்ட், ஒரிலியா, கிரேவன்ஹேர்ஸ்ற் என்று போய்விடும். திசை அறிந்த பிறகு, அரசின் வானிலைத் துறையான சுற்றாடல் கனடாவின் ராடர் படத்தைத் திறவுங்கள். கிங் சிற்றி, எக்சிற்றர், பிரிற் ஆகிய மூன்று நிலையங்களும் சேர்ந்து உங்கள் பக்கத்தைப் பார்க்கின்றன. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை படம் புதுப்பிக்கப்படும். ஒன்று சொல்கிறேன்: ஏரி ஸ்னோ தாழ்ந்த முகிலிலிருந்து வருவதால், தொலைவிலுள்ள ராடரின் கதிர் அதன் தலைக்கு மேலாலே போய்விடுவதுண்டு. படத்தில் வெறுமையாக இருக்கும்போதே யன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தால் ராடரை நம்பாமல் யன்னலை நம்புங்கள். 2025 நவம்பரிலிருந்து அவர்களின் வானிலை எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறத்தோடு வருகின்றன. மஞ்சள் அடிக்கடி வரும், சிவப்பு அரிது. வெளியே போவதானால் மாகாணத்தின் 511 வீதித் தகவல் தளத்தில் நெடுஞ்சாலைக் கமராக்களைப் பாருங்கள். வரைபடம் சொல்வதைவிட ஒரு கமராப் படம் அதிகம் சொல்லும்.

கமரா பார்க்கும் பழக்கம் எனக்கு அடிபட்டு வந்தது. இரண்டாவது வின்ரரில், ரொறன்ரோவில் வேலை முடித்து 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே வந்துகொண்டிருந்தேன். நட்சத்திரங்கள் தெரிந்த இரவு. பிராட்பேர்ட் தாண்டியதும் ஒரு வெள்ளைச் சுவருக்குள் வாகனத்தை விட்டதுபோல ஆயிற்று. முன்னால் போனவரின் சிவப்பு விளக்கு ஒன்றே எனக்கு வீதியாக இருந்தது. அவர் தன் பாட்டுக்குத் தவறான இடத்தில் திரும்பியிருந்தால் நானும் பின்னாலேயே வாய்க்காலுக்குள் போயிருப்பேன். அன்றிலிருந்து நாடாவை ஊடறுத்துப் பயணம் போவதில்லை, அது நகரும்வரை கோப்பிக்கடையில் இருந்துவிடுவேன்.

ரசிப்பது அளப்பதிலிருந்தே தொடங்கியது. வீட்டுப் பின்பக்கத்தில், கூரையும் மரமும் மறைக்காத இடமாகப் பார்த்து, வெள்ளைப் பூச்சு அடித்த ஒட்டுப்பலகை ஒன்றை வையுங்கள். ஒன்றரை அடிச் சதுரம் போதும். ஸ்னோ விட்டதும் அடிமட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி அளந்து, துடைத்துவிட்டு, பலகையை மறுபடி புதிய ஸ்னோவின் மேல் வையுங்கள். புல்லில் அளந்தால் புல்லின் உயரமும் சேர்ந்துவிடும். பத்து சென்டிமீற்றர் ஸ்னோவை உருக்கினால் ஏறத்தாழ பத்து மில்லிமீற்றர் தண்ணீர் வரும். ஏரியிலிருந்து வரும் பஞ்சுபோன்ற ஸ்னோவில் அதன் பாதிகூடத் தேறாது. எங்கள் ஊரில் ஒரே நாளில் பெய்யும் நூறு மில்லிமீற்றர் மழை இங்கே ஒரு மீற்றர் ஸ்னோவுக்குச் சமம் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் இரண்டு ஊர்களும் என் மனதில் ஒரே அளவுகோலுக்குள் வந்தன.

அளந்ததை நோட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் கோகோராஸ் என்ற தன்னார்வ வலையமைப்புக்கும் அனுப்பலாம். கனடாவிலும் அதில் சேரலாம். அமெரிக்காவின் கொலராடோவில், போர்ட் கொலின்ஸ் நகரத்தின் ஒரு மூலையில் 1997 யூலையில் பேய்மழை கொட்டி வெள்ளம் வந்தபோது, சில கிலோமீற்றர் தள்ளி மழை மிகக் குறைவாகவே பெய்திருந்தது. அந்த இடைவெளியைக் கண்டுதான் அடுத்த ஆண்டு அங்கே வீட்டு முற்றங்களில் அளப்பவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த இரவை முரசுமோட்டையில் கண்டிருந்தால், முற்றத்தில் எடுக்கும் அளவின் மதிப்பை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பலகையடிக்குப் போகும்போது கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையை ஒட்டிய குளிரில் உருவான படிகங்கள் சட்டைக் கையில் விழுந்ததும் ஆறு கிளையும் கண்ணுக்கே தெரியும். பூச்சியத்தை ஒட்டிய நாளில் விழுவது ஈரக் கட்டியாக இருக்கும். அது உருட்டி எறிய நல்லது, சவளால் வழிக்க முதுகு முறியும். முதலாவது பெரிய ஸ்னோவுக்கு மறுநாட் காலையில் ஓசையே இராது, புதிய ஸ்னோ சத்தத்தைக் குடித்துவிடும். முதன்முறை அந்த அமைதியை நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன். வன்னியில் அமைதி என்றால் அடுத்து என்ன விழும் என்று காத்திருந்த ஆண்டுகளில் வளர்ந்தவன். இப்போது அதற்காகவே அலாரத்தை அரை மணி முன்னுக்கு வைக்கிறேன்.

பலகையை இந்தக் கிழமையே வாங்குங்கள். குளிர் இறங்கிவிட்டால் பூச்சு காயாது. அளந்த கையோடு ஊருக்கு அழைக்கும்போது கணக்கையும் மாற்றி வைத்திருங்கள். முப்பது சென்டிமீற்றர் ஏறத்தாழ ஓர் அடி. சென்டிமீற்றரில் சொன்னால் என் அம்மா இன்னும் ஏற்பதில்லை, "அதை விடு, எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்.