முன்பே இருந்த கருவியும் பின்னால் வந்த காப்புரிமையும்

கேள்வி: வீட்டு உபயோகக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் வழக்குத் தொடுக்கும்போது, ‘இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் செய்துவிட்டார்’ என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், காப்புரிமை ரத்தாகிவிடுமா?

பதில்: அந்த ஒரு வாதத்தால் மட்டும் ரத்தாகாது. காப்புரிமை ஆவணத்தின் உரிமைக்கோரலில் (எதெல்லாம் தன் கண்டுபிடிப்பு என்று வரையறுக்கும் பகுதியில்) எழுதப்பட்டுள்ள ஒவ்வோர் அம்சமும் ஒரே பழைய கருவியிலோ ஒரே பழைய ஆவணத்திலோ இருந்தது என்றும், விண்ணப்பத் தேதிக்கு முன்பே அது வெளியுலகுக்குத் தெரிந்திருந்தது என்றும் எதிர்த்தரப்பு காட்டியாக வேண்டும். பழைய ஆவணம் என்றால், அத்துறை அறிந்தவர் அதைப் படித்துப் பொருளைச் செய்துவிடும் அளவுக்கு விவரமும் அதில் இருக்க வேண்டும்.

தையல் இயந்திர வழக்கு இதற்கு நல்ல சான்று. நுனிப்பக்கம் துளையுள்ள ஊசி துணியைத் துளைத்து இறங்க, அடியில் முன்னும் பின்னும் ஓடும் நாடா (நூலைச் சுமக்கும் சிறு உறுப்பு) ஊசியின் நூல் விடும் வளையத்துக்குள் இரண்டாவது நூலை நுழைத்துப் பூட்டும் முறைக்கு எலியாஸ் ஹோவே 1846-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் உரிமைத்தொகை கேட்டு வந்தபோது, தையல் இயந்திரங்களைச் செய்து விற்ற ஐசக் சிங்கரின் தரப்பு வால்டர் ஹண்டைத் தேடிப் பிடித்தது. ஹண்ட் 1834 வாக்கிலேயே அதே வகை இயந்திரத்தைச் செய்திருந்தும் காப்புரிமை கோராமல் விட்டிருந்தார். (சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் இவரேதான்.) ஹண்ட் முந்தியவர் என்பதை 1854-இல் காப்புரிமை ஆணையர் சார்லஸ் மேசன் ஏற்றுக்கொண்டார், ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் உறங்கவிடப்பட்ட ஒன்றை எழுப்பிவந்து, உலகுக்கு உண்மையில் பயன்பட்டதை வீழ்த்த அனுமதிக்க முடியாது என்று ஹோவேயின் பக்கமே நின்றார். சிங்கர் பணம் கட்ட வேண்டியதாயிற்று. தீர்ப்பு நியாயமாகத் தோன்றினாலும், இன்றைய சட்டம் இவ்வளவு இரக்கம் காட்டாது என்பதே என் கருத்து. பழைய இயந்திரம் விற்பனைக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ வந்திருந்தால், அதைச் செய்தவர் பின்னர் கைவிட்டார் என்பது பெரும்பாலான நாடுகளில் காப்புரிமையாளருக்கு உதவாது. பூட்டிய அறைக்குள்ளேயே கிடந்திருந்தால் கதை வேறு.

கேள்வி: பழைய கருவியில் பாதியும் இன்னொன்றில் மீதியும் இருந்தால்?

பதில்: அப்போது ‘புதுமை இல்லை’ என்ற வாதம் நிற்காது, ‘துறை அறிந்தவருக்கு இது வெளிப்படையானதே’ என்ற வேறு வாதத்தைத்தான் எடுக்க வேண்டும். பை இல்லாத வாக்குவம் கிளீனர் தொடர்பாக காப்புரிமை வைத்திருந்த டைசன் நிறுவனத்துக்கும் போட்டி நிறுவனமான ஹூவருக்கும் இடையே லண்டனில் நடந்த வழக்கில் இதுவே முக்கியப் பிரச்சினை. சுழல்காற்றால் தூசியைப் பிரிக்கும் முறை தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கருவி செய்தவர்கள் தூசிப் பையையே கட்டிக்கொண்டு இருந்ததால், இரண்டு சுழல் அறைகளை அடுத்தடுத்து வைக்கும் யோசனை அவர்களுக்கு எளிதில் எட்டியிருக்காது என்று கருதிய நீதிமன்றம், 2000-இல் டைசனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.