மதுரை பெயரில் ஒரு நோய் இருக்கிறதாமே, அதை ஒழிக்க முடியாதா?

கேள்வி: புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் 'மதுரா ஃபுட்' என்று ஒன்றைப் பார்த்தேன். அந்தப் பெயர் நம் மதுரையிலிருந்து வந்ததுதானா? இன்னும் யாருக்காவது வருகிறதா? போலியோ மாதிரி இதையும் ஒழித்துவிட முடியாதா?

வருகிறது. என் அப்பாவுக்கு வந்தது.

கேட்கிற தோரணையைப் பார்த்தால் நீங்கள் நீட்டுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கிறவர் போலிருக்கிறது. அதனால் பரீட்சைக்கு உதவுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1842-ல் மதுரையில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்த கில் என்ற வெள்ளைக்கார டாக்டர்தான் இதைத் தனி நோய் என்று முதலில் இனம் கண்டவர். 1846-ல் கோல்புரூக் என்ற இன்னொரு டாக்டர் எழுதிய பிறகு 'மதுரா ஃபுட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மைசிட்டோமா என்ற இன்னொரு பெயர் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் என்ற டாக்டர் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பட்டியலில் சேர்த்தது 2016-ல். கண்டுபிடித்து 174 வருஷம் கழித்துத்தான், இதைப் புறக்கணித்திருக்கிறோம் என்பதே அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

இனி என் கதை. நான் டாக்டர் இல்லை, திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் டாக்டர்கள் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

எங்கள் ஊர் கள்ளிக்குடிக்குத் தெற்கே, கரிசல் காடு. மழை இருந்தால் பருத்தி, இல்லாவிட்டால் சீமைக் கருவை மரம் வெட்டிக் கரிமூட்டம். அப்பா இருபது வருஷம் கருவை வெட்டியவர். 2012-ல் வலது பாதத்தில், உள்பக்கம், ஒரு முள் ஏறி ஒடிந்தது. ஊக்கை வைத்து நோண்டி எடுத்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். சில மாதம் கழித்து அந்த இடத்தில் கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. அமுக்கினால் வலியில்லை. "வலிச்சாத்தானப்பா ஆஸ்பத்திரிக்குப் போகணும், சும்மா இருக்கதை எதுக்குக் கிளறணும்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வலி இல்லாததுதான் இந்த நோயின் கெட்டிக்காரத்தனம்.

(செருப்பு போடாமல் திரிந்தால் அப்படித்தான் வரும் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: அவர் செருப்பு போட்டிருந்தார். கருவை முள்ளுக்கு ரப்பர் செருப்பெல்லாம் அப்பளம். நம்பாவிட்டால் ஒரு நாள் எங்கள் காட்டுக்கு வந்து நடந்து பாருங்கள்.)

இரண்டு வருஷத்தில் பாதம் உப்பி, மேலே நாலைந்து இடத்தில் வாய் திறந்து கசிய ஆரம்பித்தது. ஒன்று மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். எங்கள் அப்பத்தா பார்த்துவிட்டு, "கால்ல புத்து வச்சிருச்சுடா" என்றது. அது சொன்னது கறையான் புற்று. பார்க்க அப்படியேதான் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை காதில் அது கேன்சராக விழுந்து, ஊர் முழுக்கப் பரவி, தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தவர்கள் ஜாதகம் சேரவில்லை என்று ஒரு வாரம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். போகட்டும், இப்போது அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒரு இடத்தில் சாதாரண சீழ்க் கட்டி என்று இரண்டு தடவை கிழித்தார்கள். இன்னொரு இடத்தில் எலும்பு டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், சதை எடுத்துப் பரிசோதிக்காமலேயே. மூன்றாவது இடத்தில் கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்றார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, சொன்னாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை. என் ஆற்றாமை ஒன்றுதான். ஊர்ப் பெயரைத் தாங்கிய நோய், அந்த ஊரிலேயே மூன்று இடத்தில் காலை நீட்டியும் அடையாளம் தெரியவில்லை.

இதில் கட்டு மாற்றப் போவது தனிப் பாடு. எங்கள் ஊருக்கு அப்போது ஒரே ஒரு மினி பஸ். முகூர்த்த நாள் வந்தால் அது கல்யாண ட்ரிப்புக்குப் போய்விடும். கேட்டால், "வண்டி வேலைக்கு நிக்குது" என்பார்கள். எங்கே நிற்கிறது? மண்டப வாசலில், வாழை மரம் கட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பா மெயின் ரோடு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் பைய நடந்து போயிருக்கிறார். மனுப் போட்டேன், ரசீது இன்னும் கடையில் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், மன்னிக்கவும்.

கடைசியில் கண்டுபிடித்தது மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, தோல் பிரிவில். அந்தப் பொண்ணு காலை அதிகம் பார்க்கவில்லை. அவிழ்த்துப் போட்ட கட்டுத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தது. சீழ் காய்ந்த இடத்தில் ரவை மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் குருணை. அம்மா அதைத் தினமும் பார்த்திருக்கிறாள், புழு முட்டையோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் துணியை எரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரம்மா ஊசி முனையில் ஒன்றை எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து நசுக்கியது. "ஐயா, இது மதுரா ஃபுட்டுங்க. நம்ம ஊர் பேருதான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஊரு பேரையேவா வச்சுட்டாய்ங்க?" என்றார்.

அந்தக் குருணைதான் நோயின் கைநாட்டு. உள்ளே இருப்பது இரண்டு ஜாதி. ஒன்று பாக்டீரியா, இன்னொன்று பூஞ்சை. குருணை கறுப்பாக இருந்தால் பூஞ்சை. அதற்கு ஒரு வருஷமோ மேலேயோ மாத்திரை, அதோடு பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஆழத்தில் சதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்பாவுக்குப் பாக்டீரியா. அதில் கூட ஒன்றுக்கு ஆக்டினோமதுரா மதுரே என்று பெயராம், பெயருக்குள் இரண்டு தடவை மதுரை. 21 நாள் ஊசி, இடைவெளி விட்டு மறுபடி 21 நாள், அப்படி மூன்று சுற்று. கூடவே மாத்திரை ஒன்றரை வருஷம். அந்த ஊசி காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் நடுநடுவே ரத்தப் பரிசோதனை, காதுப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விரலைத் தூக்குவார். கால் தப்பியது. இரண்டு விரல் மடங்காது, அவ்வளவுதான்.

இப்போது ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்கு. நரம்புச் சிலந்தி என்கிற கினிப் புழு நோயை இந்தியாவில் ஒழித்தோம். 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கடைசி நோயாளி, 2000-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். அதற்குத் தடுப்பூசியே கிடையாது. அந்தப் புழு மனிதன் காலிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து மனிதன் வயிற்றுக்கு என்று சுற்றியது. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, படிக்கிணற்றில் கால் வைக்க விடாமல் தடுத்ததும் சங்கிலி அறுந்தது. மதுரா ஃபுட்டில் அறுக்கச் சங்கிலியே இல்லை. இது ஆளுக்கு ஆள் தொற்றாது. கிருமி மண்ணிலும் முள்ளிலும் இருக்கிறது, மண்ணை என்ன செய்வது? அதனால் போலியோ மாதிரி ஒழிப்பது நடக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கட்டி பாக்கு அளவில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் கால் போகாது. அதற்குப் பெரிய திட்டம்கூட வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போடுகிற நர்ஸுக்கு அந்தக் குருணையைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

ஒருவேளை நீங்கள் பரீட்சைக்காகக் கேட்காமல் வீட்டில் யாருக்கோ இருந்து கேட்டிருந்தால்: பழைய கட்டுத் துணியை எரிக்காதீர்கள். ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. வலது பாதம் பழையபடி சுருங்கவில்லை. செருப்பு அளவு இடதுக்கு 7, வலதுக்கு 9. எந்தக் கடையிலும் பிரித்துத் தர மாட்டேன் என்கிறார்கள், அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்குகிறேன். வலது 7, இடது 9, நாலு ஜோடி பரணில் புதுசாகவே கிடக்கிறது. இடது கால் வீங்கிய யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், கூரியர் செலவும் என்னுடையது.