மெக்சிகோ கடற்கரையில் ஆர்.வி.யோடு மூன்று மாதம்: எங்கே தங்குவது, எதைக் கவனிப்பது?

கேள்வி: நாங்கள் டென்வரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தம்பதி. எனக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மனைவியிடம் இந்தியக் கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் உள்ளன. ஜனவரி முதல் மார்ச் முடிய, எங்கள் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியின் பின்னால் சிறிய காரையும் இழுத்துக்கொண்டு மெக்சிகோவில் மசத்லான் சென்று தங்க எண்ணுகிறோம். அனுமதி, காப்பீடு, மருத்துவம் ஆகியவற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் குளிர்காலத்துக்கு மசத்லான் வேண்டாம், சோனோரா மாநிலத்தில் குவாய்மாஸ் நகரை ஒட்டியுள்ள சான் கார்லோஸோடு நின்றுகொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. அமெரிக்க எல்லையான நோகாலஸிலிருந்து அது சுமார் 420 கி.மீ. தொலைவில், 15ஆம் எண் நெடுஞ்சாலை வழியில் உள்ளது. பெரிய மருத்துவமனைகள் உள்ள எர்மோசியோ நகரம் அங்கிருந்து 130 கி.மீ. தூரம்தான். மசத்லான் இருக்கும் சினலோவா மாநிலத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை 'பயணம் செய்ய வேண்டாம்' என்னும் 4ஆம் நிலையிலும், சோனோராவை அதற்கு ஒரு படி கீழே 3ஆம் நிலையிலும் வைத்திருக்கிறது. இந்த நிலைகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் வாரத்தில் மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் வண்டி அனுமதி. மெக்சிகோவின் உட்பகுதிக்கு வெளிநாட்டு வண்டியைக் கொண்டுசெல்லத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவை. ஆனால் பாகா தீபகற்பத்துக்கும், சோனோராவில் குவாய்மாஸுக்கு அடுத்துள்ள எம்பால்மே வரையிலான பகுதிக்கும் அது தேவையில்லை. சான் கார்லோஸ் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் தாண்டினால் ஆர்.வி.க்குப் பத்தாண்டு அனுமதி, வைப்புத்தொகை இன்றிக் கிடைக்கும். காருக்கோ 180 நாள் அனுமதிதான். 2007 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாக இருந்தால் 400 டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டும். காலாவதியாகும் முன் எல்லையில் அனுமதியை ரத்து செய்யாவிட்டால் அந்தப் பணம் போய்விடும்.

வண்டிக்கு அனுமதி வேண்டாம் என்பதால் ஆட்களுக்கும் வேண்டாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். தரைவழியில் உங்களை யாரும் நிறுத்தாமலே போகலாம், ஆயினும் எப்.எம்.எம். எனப்படும் சுற்றுலா நுழைவுச் சீட்டை நீங்களாகவே குடிவரவு அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். நோகாலஸ் வழியில் அது எல்லை தாண்டி 21ஆம் கிலோமீட்டரில் உள்ள அலுவலகத்திலும் கிடைக்கும். அதிகபட்சம் 180 நாள் என்றாலும் எத்தனை நாள் என்பதை அதிகாரியே தீர்மானிக்கிறார். எனவே சீட்டில் எழுதிய எண்ணைப் படித்துப் பார்க்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். உங்கள் மனைவிக்கு மெக்சிகோ விசா தேவையில்லை; செல்லுபடியாகும் கிரீன் கார்டின் அசலும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் போதும். மூன்று மாதம் வெளியில் இருப்பதால் கிரீன் கார்டுக்குப் பாதகமில்லை. ஆனால் பின்னாளில் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், அந்த நாட்கள் அமெரிக்காவில் நேரடியாகத் தங்கிய நாட்களின் கணக்கில் சேராது.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். உங்கள் அமெரிக்க பாலிசியின் பொறுப்புக் காப்பீட்டை (விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது) மெக்சிகோ சட்டம் ஏற்பதில்லை. விபத்தில் யாருக்கேனும் காயம் ஏற்பட்டால், பொறுப்பு யாருடையது என்று முடிவாகும் வரை ஓட்டுநரைக் காவலில் வைக்க முடியும். ஆகவே மெக்சிகோ நிறுவனத்தின் பாலிசியை, சட்ட உதவியும் பிணைத் தொகையும் சேர்த்து, பொறுப்பு வரம்பு குறைந்தது 3 லட்சம் டாலராக இருக்கும்படி எடுங்கள். இழுத்துச் செல்லும் காரை ஆர்.வி. பாலிசியில் குறிப்பிட்டே ஆக வேண்டும். தவறினால் இழப்பீட்டையே மறுக்க இடமுண்டு. அந்தக் காரைக் கழற்றித் தனியாக ஓட்டுவதற்கு வேறொரு பாலிசி தேவை. மூன்று மாதத்துக்கு நாள் கணக்கில் வாங்குவதைவிட ஆறு மாத அல்லது ஓராண்டு பாலிசி பெரும்பாலும் மலிவாக முடியும்.

முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக மெக்சிகோவில் செல்லாது. அதற்குத் துணையாக வாங்கும் மெடிகேப் திட்டங்கள் சிலவற்றில் வெளிநாட்டு அவசர சிகிச்சை உண்டு: முதல் 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். ஆனால் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசரத்துக்கே அது பொருந்தும். உங்களுக்கோ மார்ச் மாதம் ஏறக்குறைய முழுவதும் அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. விமானம் மூலம் அமெரிக்கா கொண்டுவரும் வசதி உள்ள தனிப் பயண மருத்துவக் காப்பீடு அவசியம்.

அங்கு போய்ச் சேர்ந்தபின் அதிகம் தொல்லை தருவது மின்சாரம்தான். மெக்சிகோவின் இயல்பான மின்னழுத்தம் 127 வோல்ட்; ஆனால் ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்கும் பழைய பார்க்குகளில், மாலையில் எல்லா வண்டிகளிலும் ஹீட்டரும் மைக்ரோவேவும் ஓடும்போது கடைசி வரிசை மின்கம்பத்தில் அது 105க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு; அந்த நிலையில் ஏ.சி. கம்ப்ரஸர் கெடும். எர்த் இணைப்பே இல்லாத, முனைகள் மாறிக் கிடக்கும் பிளக்குகளும் இருக்கும். ஆகவே 104 வோல்ட்டுக்குக் கீழும் 132க்கு மேலும் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும், 15 ஆம்பியர் பிளக்கில் பொருந்தும் அடாப்டரும் இல்லாமல் புறப்படாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன், மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் இடத்தின் வோல்ட்டை அளந்து பாருங்கள். காலையில் அளந்தால் எல்லா இடமும் நல்ல இடமாகவே தெரியும். குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீரே வாங்குங்கள். டாங்க் நீர் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் ஆகட்டும்.

இரவில் ஓட்டாதீர்கள்; சாலையில் மாடுகள் நிற்கும். முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால், 'முந்திச் செல்லலாம்' என்றும் இருக்கலாம், உண்மையாகவே இடப்புறம் திரும்புவதாகவும் இருக்கலாம். உறுதியாகத் தெரியாதவரை முந்த வேண்டாம். சுங்கச்சாவடிகளில் அச்சுகளின் எண்ணிக்கைப்படி கட்டணம் என்பதால், காரின் அச்சுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் போதிய பெசோ ரொக்கம் வைத்திருங்கள். வண்டி பழுதானால் 078க்கு அழைத்தால் 'பச்சைத் தேவதைகள்' என்னும் அரசு உதவி வாகனம் வரும்.

புறப்படும் முன் ஆர்.வி.யின் ஒவ்வொரு இழுப்பறையையும் காலி செய்து பாருங்கள், பழைய வண்டியாக வாங்கியிருந்தால் இன்னும் கவனமாக. முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற ஒரே ஒரு துப்பாக்கித் தோட்டாகூட மெக்சிகோவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகிவிடும். மின்சிகரெட்டையும், சூடோஎஃபெட்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரைகளையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.