வான்கோழிக்கு எந்த ஊர்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகை வருகிறது என்று பள்ளியில் தன் கையைத் தாளில் வரைந்து, அதை வான்கோழியாக்கி எடுத்து வந்திருக்கிறாள். இந்தப் பண்டிகையை அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? 'அமெரிக்கப் பொங்கல்' என்றால் போதுமா?
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: வான்கோழி என்று எழுதி வினையை விலைக்கு வாங்கிவிட்டீர்கள் அம்மா. இந்தப் பறவையை வைத்து எனக்கும் ஒரு புலவர் நண்பருக்கும் பல வருடப் பகை.

'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்று மூதுரையில் ஔவை பாடுகிறாள் அல்லவா? மூதுரையைப் பொதுவாக 12-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். உங்கள் ஊரில் நவம்பரில் அடுப்பேறும் பறவையோ அமெரிக்கக் கண்டத்தது. கொலம்பஸ் போன பிறகுதான் இந்தப் பக்கம் கடல் தாண்டியது. அப்படியானால் ஔவை பார்த்தது எது? வேறு ஏதோ நம்மூர்ப் பறவை, பின்னால் கப்பலில் வந்ததற்கு அந்தப் பெயரை மாட்டிவிட்டோம் என்பது என் கட்சி. சோழர் கப்பல் மெக்சிகோவுக்கே போய்ப் பிடித்து வந்தது என்பது புலவர் கட்சி. 14 பக்கத்துக்குக் கடிதம் போட்டார். ஆதாரம் 15-ஆம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது மட்டும் வந்து சேரவில்லை.

1612-ல் கோவாவிலிருந்து இந்தப் பறவை ஜஹாங்கீர் அரண்மனைக்கு வந்தது. யாருக்கும் பெயர் தெரியவில்லை என்று பாதுஷாவே எழுதி வைத்திருக்கிறார். மயிலைப் போலச் சிறகு விரித்து ஆடுகிறது என்றும் எழுதுகிறார், மூதுரை படிக்காமலே! எந்த ஊர்ப் பறவை என்பதில் உலகமே குழம்பியது. ஆங்கிலேயர் 'டர்க்கி' என்று துருக்கியைக் காட்டினார்கள். துருக்கிக்காரர்கள் 'ஹிந்தி' என்று நம்மைக் காட்டினார்கள். டச்சுக்காரர்கள் 'கல்கூன்' என்றார்கள், அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி. கோழிக்கோட்டுக்குக் கோழி சேர்ந்தது இப்படித்தான்.

சரி, பண்டிகைக்கு வருகிறேன். 1621-ல், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்துதான் கதையின் மூலம். அதில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில், வேட்டையாடிய பறவைகள் உண்டு, அந்த மண்ணின் பழங்குடிகளான வாம்பனோக் மக்கள் கொண்டு வந்த ஐந்து மான் உண்டு. வான்கோழி என்ற பேச்சே இல்லை. உங்கள் மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம், கை வலிக்க வரைந்திருக்கிறாள்.

டிஸ்குவாண்டம் என்ற பழங்குடி மனிதரின் கதையைச் சொல்லுங்கள். 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைக் கடத்திப்போய் ஸ்பெயினில் விற்றான். எப்படியோ தப்பி, இங்கிலாந்து வழியாக 1619-ல் ஊர் திரும்பினால் ஊரில் ஒருவரும் இல்லை, கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. ஆளில்லாத அந்த இடத்தில்தான் மறு வருடம் பிளிமத் குடியேற்றம் வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் இவர். பிளிமத் கவர்னர் பிராட்ஃபோர்ட் அவரைக் கடவுள் அனுப்பிய கருவி என்று எழுதினார். நன்றி கடவுள் கணக்கில், கருவிக்கு எதற்குத் தனியாக?

அதனால்தான் 'அமெரிக்கப் பொங்கல்' வேண்டாம் என்கிறேன். வெளியூர்க்காரன் கொண்டாடும் எதையும் 'நம்ம பொங்கல் மாதிரி, நம்ம தீபாவளி மாதிரி' என்று சுருட்டுவது எனக்குப் பிடிக்காது. பொங்கலில் சூரியனுக்கு ஒரு நாள், ஏர் இழுத்த மாட்டுக்கு ஒரு நாள். ஏர் பிடித்த ஆளுக்கு என்ன நாள் என்று புலவர் கேட்பார். உழவர் திருநாள் காலண்டரில் இருக்கிறதே என்பேன்.

காகிதத்தில் இறகுக் கிரீடம் செய்யச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். வாம்பனோக் மக்கள் அப்படிக் கட்டியதில்லை, அது வேறு பழங்குடிகளுடையது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், "அப்புறம் சண்டை வந்தது, வந்தவர்கள் நிலத்தைப் பிடுங்கினார்கள்" என்ற அளவு போதும். 1676-ல் கொல்லப்பட்ட வாம்பனோக் தலைவர் மெட்டகாமின் தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைத்ததும், அவர் 1621 விருந்துக்கு வந்த தலைவரின் மகன் என்பதும் பன்னிரண்டு வயதில் தெரிந்தால் போதும்.

இந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கச் சொல்லிப் பல வருடம் விடாமல் எழுதியவர் சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை. 1863-ல் லிங்கன் அறிவித்தார். ஒரு பத்திரிகையாசிரியர் சொல்லி அரசாங்கம் கேட்டதற்கு எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் இல்லை. உங்கள் மகள் பாடும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டும் அந்த அம்மாள் எழுதியதுதான். அங்கேயிருந்து தொடங்கினால் குழந்தை காது கொடுப்பாள்.

புலவருக்கு: மறுப்புக் கடிதத்தை எதிர்பார்க்கிறேன். இந்த முறை 15-ஆம் பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும்.